அதிர்வுப் பலகையில் 12 கிழமை

கொழும்புக் கோட்டையில் வேலை. காலை எட்டரைக்குக் கணனிக்கு முன் உட்கார்ந்தால், எழும்புவது சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் மட்டும்தான். நாரி நோ எனக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் ஒருநாள் வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது, 100ஆம் இலக்க பஸ் பிரேக் போட்டதும் பக்கத்தில் நின்ற அம்மாவின் மேல் அப்படியே சரிந்துவிட்டேன். எனக்கு வயது 43. அன்றுதான் உண்மையாகப் பயந்தேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் அலுவலகத்தில் அதிர்வுப் பயிற்சி, அதாவது அதிரும் பலகையில் ஏறி நின்று செய்யும் பயிற்சி, தொடங்கினார்கள். முதலில் ஒரு படிவம். கர்ப்பமா, இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, வலிப்பு, இரத்தக்கட்டி, சிறுநீரகக் கல், அண்மையில் எலும்பு முறிவோ சத்திரசிகிச்சையோ? சிறுநீரகக் கல் இருந்த ஒரு தோழியை, பயிற்சி தந்த பிசியோ (பிசியோதெரபிஸ்ட்) பலகையில் ஏறவே விடவில்லை. அவருக்கு வேறு பயிற்சிகள் கொடுத்தார். வீட்டுக்கென்று இந்த இயந்திரத்தை வாங்குகிறவர்களிடம் யாராவது இதையெல்லாம் கேட்கிறார்களா என்று எனக்கு இப்போதும் கவலைதான்.

பிறகு ஒரு சோதனை. கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். வலது கால் 4 செக்கன், இடது கால் 3.

முதல் நாள் விறைப்பாக நின்றேன். பல்லெல்லாம் கிடுகிடுத்தது, தலைக்குள் இரைந்தது. “முழங்காலைக் கொஞ்சம் மடியுங்கோ, குதியில பாரம் போடாதேங்கோ” என்றார் பிசியோ. மடித்ததும் அதிர்வு தொடையோடு நின்றுவிட்டது. முழு வித்தையும் அந்த மடிப்பில்தான் இருக்கிறது. பலகை செக்கனுக்கு இருபது, முப்பது தடவை அதிரும்போது தசை ஒவ்வொரு தடவையும் சிறிது இழுபட்டு, தானாகவே சுருங்குகிறது. முழங்காலில் வைத்தியர் தட்டினால் கால் துள்ளுமே, அதைப் போன்ற தெறிவினை.

என் மாமா லொறி ஓடி நாரியைக் கெடுத்துக்கொண்டவர். அதனால் கேட்டேன்: அதிர்வு அவருக்குக் கேடு, எனக்கு மட்டும் நன்மையா? அவர் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்ததால் அதிர்வு நேரே முள்ளந்தண்டுக்கு ஏறியது, இங்கே நின்றபடி அரை நிமிடம், பிறகு ஓய்வு என்று பிசியோ விளக்கினார். அந்தப் பதில் கிடைத்த பிறகுதான் மனதோடு செய்யத் தொடங்கினேன்.

கிழமைக்கு மூன்று நாள், ஓய்வோடு சேர்த்துப் பத்து நிமிடம். தொடக்கத்தில் கெண்டைக்கால் சிவந்து கடித்தது. சில நாளில் அடங்கிவிட்டது. மாதக்கடைசி வேலை நெருக்கத்தில் அந்தப் பத்து நிமிடத்தையும் சாப்பாட்டு நேரத்திலிருந்து கழித்தார்கள். அது மனதை நோகடித்தது. பலர் அப்போதே விட்டுவிட்டார்கள்.

பன்னிரண்டாம் கிழமையில் வலது கால் 11 செக்கன், இடது கால் 9. நாரி நோவும் குறைந்தது. ஆனால் அதே காலத்தில் கணனித் திரையை உயர்த்தி வைத்தேன், மணிக்கொருமுறை எழுந்தும் நடந்தேன். அதனால் நோ குறைந்ததைப் பலகையின் கணக்கில் மட்டும் எழுத மாட்டேன்.

இப்போது பிசியோ வருவதில்லை. பலகை மட்டும் அறையில் இருக்கிறது. படிவத்தில் இருந்த கேள்விகளை மூன்று மொழியிலும் எழுதி அந்தக் கதவில் ஒட்டினேன். சிங்களத்தில் எழுதித் தந்தவர், சிறுநீரகக் கல் இருந்த அந்தத் தோழி.