ஃபேபியோ, குரூவ்ரைடர், வியாழக்கிழமை இரவுகள்

நல்ல பாட்டு ஒன்று காதில் விழுந்தால் நாம் முதலில் கேட்பது "யார் மியூசிக்?" என்பதுதான். சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த பழக்கம். லண்டனின் ஃபேபியோ, குரூவ்ரைடர் என்ற இரண்டு டிஜேக்களைப் பற்றிப் பேச வந்தால் அந்தக் கேள்வி எங்கேயும் கொண்டு சேர்க்காது, ஏனென்றால் முப்பது வருடத்துக்கும் மேலாக அவர்கள் மேடையில் போட்டது பெரும்பாலும் அடுத்தவர்கள் செய்த பாட்டு. ஆனாலும் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்று இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரிந்த இசை உருவானதில் இவர்கள் பங்கு எந்த இசையமைப்பாளரின் பங்குக்கும் குறைந்ததில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2019இல் 'தர்ட்டி இயர்ஸ் ஆஃப் ரேஜ்' என்ற பெயரில் தங்கள் ஆரம்ப காலத்துப் பாட்டுகளைத் திரட்டி ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். அதைக் கேட்கக் கேட்க அந்த நம்பிக்கை இன்னும் கெட்டிப்பட்டுவிட்டது.

ரேஜ் என்பது ஒரு கிளப் இரவின் பெயர். லண்டனில் சாரிங் கிராஸ் ரயில் நிலையத்துக்கு அடியில், செங்கல் வளைவுகளுக்குள் இருக்கிறது ஹெவன் என்ற கிளப். 1979இல் ஓரினச் சேர்க்கையாளர்களுக்கான கிளப்பாகத் தொடங்கியது. 1988இல் அங்கே வியாழக்கிழமைதோறும் ரேஜ் நடக்க ஆரம்பித்தது. கீழே பெரிய தளத்தில் டிரெவர் ஃபங், காலின் ஃபேவர் என்று அப்போதே பெயர் பெற்றவர்கள். நம் ஆட்கள் இருவருக்கும் கிடைத்தது மாடியில் ஒரு சின்ன பார். கீழே போட வேண்டியவர்கள் வர முடியாத ஒரு வாரம் இவர்களை இறங்கி வரச் சொன்னார்கள். வந்த கூட்டம் இவர்களை விடவில்லை, அப்புறம் பெரிய தளம் இவர்களுடையதாகிவிட்டது.

அதற்கு முந்தைய கதையும் தெரிந்தால்தான் இது புரியும். இரண்டு பேரும் தெற்கு லண்டன்காரர்கள், கறுப்பினத்தவர்கள். கரீபியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைந்த பிரிக்ஸ்டன் பகுதியில் அனுமதி இல்லாமல் நடந்த ஒரு பைரேட் ரேடியோ நிலையத்தில்தான் சந்தித்துக்கொண்டார்கள். அந்தப் பகுதியின் காதில் ஜமைக்காவின் ரெகே இசை இருந்தது, சோல் இருந்தது, ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி பேஸ் சத்தத்தை நெஞ்சில் இறக்கும் சவுண்ட் சிஸ்டம் பழக்கம் இருந்தது. 1988இல் ஆசிட் ஹவுஸ் என்ற எலக்ட்ரானிக் நடன இசையின் அலை இங்கிலாந்தைத் தூக்கிக்கொண்டு போனபோது இவர்களும் அதில் முழுசாக இறங்கினார்கள், ஆனால் பழைய காதைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கவில்லை.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்து கிளப்களில் ஹவுஸ் இசை நிமிடத்துக்கு 120, 125 தாள அடி வேகத்தில் ஓடும். சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் என்று அமெரிக்காவிலிருந்து வரும் இசைத்தட்டுகள், பெல்ஜியத்திலிருந்து வரும் முரட்டு டெக்னோ தட்டுகள். இவர்கள் அவற்றை அப்படியே போடாமல் வேகத்தை ஏற்றினார்கள். டெக்னிக்ஸ் நிறுவனத்தின் டர்ன்டேபிளில், அதாவது இசைத்தட்டு ஓட்டும் கருவியில், பக்கவாட்டில் இருக்கும் பிட்ச் குமிழைத் தள்ளினால் 8 சதவீதம் வரை கூட்டலாம். அதுவும் போதாது என்றால் நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 45இல் ஓட விடலாம். 125 வேகப் பாட்டு அப்படி ஓடினால் கிட்டத்தட்ட 169 ஆகிவிடும். இன்றைய டிரம் அண்ட் பேஸ் பாட்டுகள் 170ஐ ஒட்டித்தான் இருக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

கூடவே பிரேக்பீட். பழைய ஃபங்க் பாட்டுகளில் மற்ற எல்லா வாத்தியமும் நின்று டிரம்ஸ் மட்டும் தனியாக ஓடும் சில விநாடிகளை வெட்டி எடுத்து, திரும்பத் திரும்ப ஓட விடுவது. இதில் தலையாயது 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழு போட்ட 'அமென் பிரதர்' பாட்டில் கிரிகரி கோல்மன் அடித்த சுமார் 7 விநாடி. ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கு அடித்தளமான அந்த அடிக்கு அவர் கையில் ராயல்டி என்று எதுவும் வந்ததில்லை, 2006இல் இறந்துபோனார். இதை எழுதும்போதெல்லாம் மனசு கனக்கிறது, எழுதாமல் தாண்டவும் முடியவில்லை.

ஆக ஒரு தட்டில் பெல்ஜியத்து டெக்னோவின் இரைச்சல், இன்னொன்றில் வேகம் ஏற்றிய பிரேக்பீட், அடியில் ரெகேவிலிருந்து வந்த பேஸ். கர்நாடக இசை கேட்டவர்களுக்கு எளிதாகப் பிடிபடும்: டிரம்ஸ் மேல்காலத்தில் பறக்க, பேஸ் கீழ்க்காலத்தில் நடக்கும். ஆடுகிறவர் எந்தக் காலத்தை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். காலைப் பின்னிக்கொண்டு வேகமாகவும் ஆடலாம், பேஸுக்குத் தோளை மட்டும் அசைத்துக்கொண்டும் நிற்கலாம். ஹவுஸின் ஒரே சீரான நாலு அடியில் இந்தச் சுதந்திரம் கிடையாது.

இதற்கு அப்போது பெயரே இல்லை. தொகுப்பைக் கேட்கும்போது என்னை உலுக்குவது இதுதான். பின்னாளில் வந்தவர்கள் இது ஹவுஸ், இது ஹார்ட்கோர், இது ஜங்கிள் என்று பிரித்து வைத்துவிட்டார்கள். ரேஜ் தளத்தில் அதெல்லாம் ஒரே இரவில், ஒரே பெட்டியிலிருந்து வந்தவை. எந்த வேலியும் போடப்படாத நிலம் அது. ஜோயி பெல்ட்ராமின் 'மென்டஸம்' மாதிரி 1991இல் வந்த ஒரு டெக்னோ பாட்டும், அதே வருடம் ரெகே பேஸும் பிரேக்பீட்டும் சேர்ந்து வந்த லென்னி டி ஐஸின் 'வி ஆர் ஐ.இ.' பாட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படும்போது, இரண்டையும் செய்தவர்கள் நினைத்தே பார்த்திருக்க முடியாத மூன்றாவது ஒன்று நடுவில் முளைக்கிறது. அதைத்தான் இந்த இருவரின் படைப்பு என்கிறேன்.

கேட்டுக்கொண்டு நின்றவர்கள் அதை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். கெமிஸ்ட்ரி, ஸ்டார்ம் என்ற இரண்டு பெண்கள் ரேஜுக்கு வாராவாரம் வந்துகொண்டிருந்தார்கள். மயாமியிலிருந்து ஊர் திரும்பியிருந்த கோல்டி என்ற கிராஃபிட்டி ஓவியரை அங்கே கூட்டிப்போனது கெமிஸ்ட்ரிதான். ஃபேபியோவும் குரூவ்ரைடரும் போடுகிற மாதிரி ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற வெறி அங்கேதான் கோல்டிக்குப் பிடித்தது. 1992இல் வந்த அவருடைய 'டெர்மினேட்டர்' பாட்டில் டிரம்ஸின் சுருதி ஏறிக்கொண்டே போகும், வேகம் மட்டும் மாறாது. அதை முதல்முறை கேட்கிறவருக்குத் தரை நழுவுகிற மாதிரி இருக்கும். மூவரும் சேர்ந்து 1994இல் தொடங்கிய மெட்டல்ஹெட்ஸ் இசைத்தட்டு நிறுவனம் இன்றைக்கும் இருக்கிறது.

டப்பிளேட் வழக்கமும் இங்கே முக்கியம். ஒரு பாட்டு கடைக்கு வருவதற்கு முன்பே ஒரே ஒரு தட்டில் வெட்டி டிஜே கையில் கொடுப்பது ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம்காரர்களிடமிருந்து வந்த பழக்கம். அந்தத் தட்டு மென்மையானது, சில பத்து முறை ஓடினால் தேய்ந்துவிடும். குரூவ்ரைடர் கைக்குத் தன் டப்பிளேட் போய்ச் சேர்ந்துவிட்டதா என்பது அன்றைய ஒரு இளைஞனுக்கு வாழ்வா சாவா பிரச்சினை. அவர் போட்டால் பாட்டு பிழைக்கும். வீட்டு அறையில் உட்கார்ந்து இசை செய்தவர்கள் அவர் கையையும் அந்தக் கூட்டத்தின் காலையும் மனதில் வைத்தே செய்தார்கள், அடுத்த வாரம் அது தளத்தில் சோதிக்கப்பட்டது, திருத்தப்பட்டது. இவர்கள் செல்வாக்கை அளக்க இவர்கள் பெயரில் வந்த தட்டுகளை எண்ணிப் பார்ப்பது பயனில்லாத வேலை.

ரேஜ் 1993இல் நின்றுபோனது. இசை இருண்டுகொண்டே போனதும், அதைத் தேடி வந்த கூட்டம் மாறியதும் நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருடமே ரேவ் எனப்படும் திறந்தவெளி நடனக் கூட்டங்களைக் கட்டுப்படுத்த பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது, அதில் 'அடுத்தடுத்து திரும்ப வரும் தாள அடிகள்' என்று இசைக்கு ஒரு விளக்கமே எழுதி வைத்தார்கள். ஆனால் விதை அதற்குள் பரவிவிட்டது. ஃபேபியோ 1994இல் எல்டிஜே புகெம் என்ற டிஜேயுடன் சேர்ந்து ஸ்பீட் என்ற இரவைத் தொடங்கினார். ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் இருந்த ப்ளூ நோட் கிளப்பில் ஞாயிறுதோறும் மெட்டல்ஹெட்ஸ் இரவு. அதே கட்டிடத்தில் திங்கள்கிழமை இரவுகளில் தபலாக் கலைஞர் டல்வின் சிங்கின் 'அனோகா'. தபலாவும் டிரம் அண்ட் பேஸும் சேர்ந்து ஓடிய இடம் அது. அந்த இரவின் பெயரில் 1997இல் வந்த ஆல்பத்தில் ஏ.ஆர். ரஹ்மானின் 'பம்பாய்' தீம் இசையும் இருக்கிறது. அந்தப் புல்லாங்குழலை எத்தனையோ முறை கேட்டவர்கள், ஒருமுறை அந்த ஆல்பத்தின் வரிசைக்குள் வைத்துக் கேளுங்கள், அதன் நிறமே வேறாகத் தெரியும். பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதற்கு அவ்வளவு சக்தி.

பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். குரூவ்ரைடர் கனமான, இருண்ட பக்கம், அவருடைய புரோட்டோடைப் நிறுவனத்தில் அதைக் கேட்கலாம். 1998இல் 'மிஸ்டரீஸ் ஆஃப் ஃபங்க்' என்று சொந்த ஆல்பமும் போட்டார். ஃபேபியோ சோல், ஜாஸ் வாசனை உள்ள மென்மையான பக்கம், லிக்விட் என்று இன்றைக்குச் சொல்லப்படும் கிளைக்குப் பெயர் கொடுத்தவரே அவர்தான். ஆனாலும் பிரியவில்லை. 1998 முதல் 2012 வரை பிபிசி ரேடியோ 1இல் சேர்ந்தே நிகழ்ச்சி நடத்தினார்கள், இப்போதும் சேர்ந்தே மேடை ஏறுகிறார்கள். ஒரு துறையில் இத்தனை வருடம் இரண்டு பேர் சண்டை போட்டுப் பிரியாமல் இருப்பதே எனக்கு மரியாதை தருகிற விஷயம்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். எங்கே பார்த்தாலும் இவர்களை டிரம் அண்ட் பேஸின் 'காட்ஃபாதர்கள்' என்று எழுதுகிறார்கள். தகுதியான பட்டம்தான், ஆனால் அந்தப் பட்டத்தின் நிழலில் கெமிஸ்ட்ரியும் ஸ்டார்மும் மறைந்துபோகிறார்கள். கெமிஸ்ட்ரி 1999இல் ஒரு சாலை விபத்தில் இறந்தார், அதே வருடம் இருவரும் சேர்ந்து போட்டு வந்த 'டிஜே கிக்ஸ்' மிக்ஸ் அவர்கள் எவ்வளவு நுட்பமானவர்கள் என்பதற்குச் சாட்சி. இன்றைக்கு நியா ஆர்கைவ்ஸ், ஷெரெல் மாதிரி இளம் பெண்கள் ஜங்கிளை மறுபடியும் பெரிய மேடைகளுக்குக் கொண்டுவந்திருக்கும்போது, அவர்களுக்கு முன்னால் போனவர்களில் இந்த இரண்டு பெண்களின் பெயரும் ஃபேபியோ, குரூவ்ரைடர் பெயர்களுக்குப் பக்கத்திலேயே சொல்லப்பட வேண்டும்.

புதிதாகக் கேட்க ஆரம்பிப்பவர்களுக்கு: தொகுப்பை ஷஃபிளில் போடாதீர்கள். நல்ல ஹெட்ஃபோன் வேண்டும், போன் ஸ்பீக்கரில் பேஸ் வரவே வராது, பாதி இசை காணாமல் போய்விடும். கேட்டு முடித்ததும் அந்தக் கால கிளப் இரவுகளில் கேசட்டில் பதிவு செய்தவை இணையத்தில் கிடைக்கும், தேடிப் பிடியுங்கள். சத்தம் தெளிவாக இருக்காது. ஆனால் ஒரு தட்டு முடியும் முன்பே இன்னொன்று நுழைவதும், கூட்டம் விசில் அடிப்பதும், மைக் பிடித்தவர் நிறுத்திவிட்டு முதலிலிருந்து போடு என்று கத்துவதும் அதில்தான் கேட்கும்.