பாதியில் விட்ட குகைக் குழியை மறுபடி திறப்பது

பழைய தொல்பொருள் அகழ்வைத் தொடர்வதென்றால் முன்பு தோண்டியவர்கள் விட்ட ஆழத்திலிருந்து கீழே வெட்டுவதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். பதுளைப் பக்கக் குகையொன்றில் வேலை தொடங்கியபோது முதல் மூன்று வாரமும் எங்கள் கரண்டி புதுமண்ணில் படவேயில்லை. முன்னவர்கள் தோண்டியதைத்தான் தோண்டிக்கொண்டிருந்தோம்.

அவர்கள் வாங்கிய அனுமதி நமக்குச் செல்லாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி சொந்தக் காணியில் தோண்டவும் உரிமம் வேண்டும். குகை தோட்டக் காணிக்குள் இருந்தால் நிர்வாகத்திடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஊவாவில் மண் காய்ந்து கிடப்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான். அனுமதிக் கடிதம் ஒக்டோபரில் வந்தால் மழைத்தண்ணீர் இறைக்கவே நேரம் சரியாகிவிடும்.

அடுத்தது பூச்சியப் புள்ளி. எல்லா ஆழமும் அதிலிருந்துதான் அளக்கப்பட்டிருக்கும். பழைய வரைபடத்தில் 'மரத்தில் அடித்த ஆணி' என்றிருக்கும், மரம் இருக்காது. கூரையிலிருந்து விழுந்த பெரும்பாறைகள் அசைவதில்லை. வரைபடத்திலும் குகையிலும் அடையாளம் காணக்கூடிய மூன்று பாறை முனைகளைப் பிடித்து, அங்கிருந்து நாடா இழுத்துக் குழியின் மூலைகளைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு முனை போதாது. ஒன்றைத் தவறாக அடையாளம் கண்டிருந்தால் தெரியவராது. பழைய வடக்குக் குறியையும் அப்படியே நம்ப வேண்டாம். திசைகாட்டியில் ஒரு பாகை பிசகினால் 10 மீற்றர் தூரத்தில் 17 சென்ரிமீற்றர் விலகிவிடும், அதாவது குழிச்சுவரே மாறிவிடும்.

குழியை மூடிய மண் பொலபொலவென்று, நிறம் கலந்து கிடக்கும். சோடா மூடி, சிகரெட் ஈயத்தாள் வந்துகொண்டிருக்கும்வரை அது பழைய நிரப்பல்தான். தோட்டத்தில் வருடக்கணக்காகக் கான் (வடிகால்) வெட்டியவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கலைந்த மண்ணும் கலையாத மண்ணும் வேறுபடுவது மண்வெட்டியின் சத்தத்திலேயே அவர்களுக்குத் தெரியும், பட்டதாரிகளுக்குப் பிறகுதான். பழைய சுவருக்கு 10 சென்ரிமீற்றர் இருக்கும்போது மண்வெட்டியை நிறுத்திச் சிறு கரண்டிக்கு மாறவேண்டும்.

நிரப்பு மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். அக்காலச் சல்லடைக் கண் பெரிது. 2 மில்லிமீற்றர் சல்லடையில் தண்ணீர்விட்டு அலசினால் குவாட்ஸ் நுண்கருவிகளும் மீன்முள்ளும் நத்தையோட்டுத் துண்டுகளும் தேறும். எந்த அடுக்கிலிருந்து வந்தவை என்பது போய்விட்டதால் தனிப்பையில் போட்டு 'நிரப்பல்' என்றே எழுத வேண்டும்.

அதிகம் தலைவலி தருவது அடுக்கு விவகாரம். முன்னவர்கள் பெரும்பாலும் ஆறு அங்குலத் தட்டுகளாகச் சமமட்டத்தில் இறங்கியிருப்பார்கள். குகைமண்ணோ வாசலை நோக்கிச் சரிந்திருக்கும். ஆகவே அவர்களின் ஐந்தாம் தட்டுப் பை ஒன்றில் மூன்று அடுக்குப் பொருட்கள் கலந்திருக்கலாம். ஆறு அங்குலத்தை 15 சென்ரிமீற்றர் என்று மாற்றினால் பத்தாவது தட்டில் 2.4 சென்ரிமீற்றர் பிழை, 15.24 என்றே வையுங்கள். பழைய சுவரை 5 சென்ரிமீற்றர் சீவி, தெளிப்பானால் தண்ணீர் தெளித்தால் ஈரத்தில் அடுக்குகளின் நிறம் எழும்பும். அந்த வெட்டுமுகத்தைப் புதிதாக வரைந்து, பழைய தட்டுகளை அதன்மேல் கோடாகப் போட்டுப் பாருங்கள். எந்தப் பை நம்பத்தக்கது, எது கலவை என்பது அப்போது தெரியும். பழைய அடுக்கு இலக்கங்களைத் தொடர வேண்டாம். 1001இலிருந்து தொடங்கி ஒப்பீட்டு அட்டவணை ஒன்று வையுங்கள்.

குருவிற்ற பட்டதொம்பலென குகையில் தொல்லியலாளர் பி.இ.பி. தெரணியகலவுக்குப் பின் மகன் சிரான் தெரணியகலவும், 2005இல் நிமல் பெரேராவும் மறுபடி தோண்டினார்கள். ஒரே குகையில் ஒவ்வொரு தலைமுறையும் வேறு கேள்வியோடு இறங்குகிறது. அதனால்தான் முன்னவர் தொடாத மண் மிஞ்சியிருப்பது பெரிய விஷயம். முழுக்குகையையும் நாமே காலி செய்வது களவுக்குச் சமம் என்பது என் கருத்து.

பழைய கரித்துண்டுக் காலக்கணிப்பைப் புதியதோடு நேரே ஒப்பிடாதீர்கள். சில அறிக்கைகள், கரியிலுள்ள கதிரியக்கக் கார்பன் பாதியாகக் குறையும் காலமான அரையாயுளை 5568 வருடமாகவும் சில 5730ஆகவும் எடுத்திருக்கும். வித்தியாசம் ஏறக்குறைய 3 வீதம், 12,000 வருடத்தில் 350 வருடம். எது என்று பார்த்து, அதன்பிறகே அளவீட்டுத் திருத்தம், அதாவது நாட்காட்டி வருடமாக மாற்றுவது. புதிய மாதிரிக்குக் கெக்குனக் காட்டுக்கொட்டையின் ஓடுபோல ஒரே பருவத்துப் பொருள் நல்லது. முதிர்ந்த மரத்தின் உட்கரி, அடுப்பு எரிந்த காலத்தைவிடப் பழையதாகக் காட்டும்.

மூடும்போது பொலித்தீன் விரிக்கக்கூடாது. நீர் தேங்கிச் சுவர் ஊறிச் சரியும். பின்னிய உரப்பையைச் சுவரோடு விரித்து, மூடிய காலம் பின்னவர்களுக்குத் தெரிய அடியில் அந்த வருடத்து நாணயம் ஒன்றைப் போட்டு, சலித்த மண்ணால் மூடுங்கள். பூச்சியப் புள்ளி பாறையிலேயே உளியால் செதுக்கப்படட்டும், பெயின்ற் வேண்டாம்.