சீமோர் வராத இடமெல்லாம் நல்ல கதை

ஜூன் 7, 2025, சனி

மழை விடுகிற மாதிரி இல்லை. கொட்டகலை மாமாவின் மகன் கொழும்புக்கு வேலைக்குப் போகும்போது தன் பிளேஸ்டேஷனை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான், அதில் பழைய ஃபைனல் ஃபேன்டசி பத்தைத் திரும்பத் தொடங்கியாச்சு. 2001இல் வந்த விளையாட்டு, இப்போது கையில் இருப்பது அதைப் புதுப்பித்த ரீமாஸ்டர் பதிப்பு. ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த காலத்தில் ஒரு தடவை முடித்திருக்கிறேன், ஆனால் அந்த வயதில் எனக்குச் சண்டைதான் முக்கியம், யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்ததே கிடையாது. இந்தத் தடவை கதையை மட்டும் எடை போட்டுப் பார்க்கப்போகிறேன். அவ்வப்போது இங்கே எழுதுவேன். முடிவு வரைக்கும் எல்லாவற்றையும் போட்டு உடைப்பேன், இனிமேல்தான் விளையாடப்போகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தொடக்கமே கெட்டிக்காரத்தனம். இடிந்து கிடக்கும் ஒரு நகரத்தின் ஓரத்தில் ஏழு பேர் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. அவர்களில் ஒரு பையன், டீடஸ், என் கதையைக் கேளுங்கள் என்று ஆரம்பிக்கிறான். அங்கிருந்து கதை பின்னால் போய், பல மணி நேரம் ஓடி, அதே நெருப்புக்கு வந்து சேருகிறது. அதுவரை அவன் நடந்ததைச் சொல்கிறவன். அதற்குப் பிறகு அவனுக்கும் நமக்கும் ஒன்றும் தெரியாது.

ஜூன் 8, ஞாயிறு

உலகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பைரா என்ற உலகத்தில் சின் என்று ஒரு மலையளவு மிருகம், வந்தால் ஊரே போய்விடும். யெவன் மதத்தின் அழைப்பாளர் ஒருவர் கோயில் கோயிலாக யாத்திரை போய், ஒவ்வொரு கோயிலிலும் ஒரு தெய்வ மிருகத்தின் துணையை வாங்கி, கடைசியில் ஸனார்கண்ட் என்ற அழிந்த நகரத்தில் இறுதித் துணையைப் பெற்று சின்னைக் கொல்லலாம். கொன்றால் கொஞ்ச காலம் நிம்மதி. அப்புறம் சின் திரும்ப வரும். பத்து வருஷத்துக்கு முன்பு அதைக் கொன்றவர் பிராஸ்கா. அவருடைய மகள் யூனாவுக்கு இப்போது 17 வயது, அவளும் அதே பாதையில் கிளம்புகிறாள். ஆயிரம் வருஷத்துக்கு முன் அழிந்ததாக எல்லோரும் சொல்லும் ஸனார்கண்டிலிருந்து வந்தவன் என்று சொல்லிக்கொள்ளும் டீடஸ் அவளோடு சேர்ந்துகொள்கிறான்.

இன்றைக்குக் கிலிகா என்ற துறைமுக ஊரை சின் அடித்துவிட்டுப் போனது. யூனா தண்ணீர் மேல் நின்று ஆடி இறந்தவர்களை வழியனுப்புகிறாள். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, "யாரு செத்தது, கருமாதியா?" என்று கேட்டார். அம்மாவுக்கு அந்த ஆங்கிலம் ஒரு வரி விளங்காது, இருந்தும் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். இதைவிட அந்தக் காட்சிக்கு என்ன பாராட்டு வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. வழியனுப்பாவிட்டால் இறந்தவர்கள் அரக்கர்களாகிவிடுவார்கள் என்று யூனாவின் பாதுகாவலர்களில் ஒருத்தியான லுலு போகிறபோக்கில் சொல்கிறாள். நாம் வழியெல்லாம் வெட்டித்தள்ளுகிற மிருகங்கள் யார் என்பது அப்போதுதான் உறைக்கிறது. பின்னால் இதே விதியை வைத்துத்தான் மதத்தலைவர் மிக்கா, வில்லன் சீமோர், நம்மோடேயே நடந்துவரும் ஆரன் மூன்று பேரும் செத்தும் போகாமல் நிற்பவர்கள் என்று காட்டுகிறார்கள். பெரிய திருப்பங்களுக்கு வேண்டிய விதை ஒரு நடனத்துக்குள் கிடந்திருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

லீவு. தங்கச்சியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இது முதல் தடவை. லூக்கா நகரம், தண்ணீருக்குள் ஆடுகிற பிளிட்ஸ்போல் பந்தாட்டப் போட்டி, அப்புறம் இணையத்தில் எல்லோரும் கேலி செய்யும் அந்தச் சிரிப்பு. டீடஸ் "ஹா ஹா ஹா" என்று கேவலமாகச் சிரிக்கிற துண்டை மட்டும் வெட்டிப் போட்டு, நடிப்பு எவ்வளவு மோசம் பாருங்கள் என்பார்கள். முழுக்காட்சியைப் பார்த்தால் விஷயமே வேறு. கவலையாக இருக்கும்போதும் சிரித்துப் பழகியிருக்கிறேன் என்று யூனா சொல்கிறாள், அவளும் அவனும் வேண்டுமென்றே பொய்ச் சிரிப்பு சிரித்துப் பார்க்கிறார்கள், அது அசிங்கமாக இருப்பதால் நிஜமாகவே சிரிப்பு வந்துவிடுகிறது. யூனா ஏன் பொய்ச் சிரிப்பைப் பழகி வைத்திருக்கிறாள் என்று தெரிந்தவனுக்கு அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

ஜூன் 14, சனி

மிஹென் நெடுஞ்சாலை. வழியில் ஒரு சின்னப் பிள்ளை, அமைதியைச் சீக்கிரம் கொண்டு வாங்க என்கிற மாதிரி யூனாவிடம் கேட்கிறாள். யூனா குனிந்து சரி என்கிறாள். பழைய தடவை இதைக் கவனித்ததாகவே ஞாபகம் இல்லை. இப்போது தொண்டையில் என்னவோ மாதிரி. டீடஸோ உற்சாகத்தில், சின்னை அடித்த பிறகு இதைச் செய்வோம் அங்கே போவோம் என்று அளந்துகொண்டே வருகிறான், அவன் அப்படிப் பேசும்போதெல்லாம் மற்றவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள், அல்லது அப்படியே அமைதியாகிவிடுகிறார்கள். எழுதியவர்கள் ஒன்றையும் ஒளித்துவைக்கவில்லை. எல்லாம் நம் முன்னால்தான் கிடக்கிறது, நாமும் டீடஸ் மாதிரி பார்க்காமல் போகிறோம்.

தங்கச்சி பார்த்துவிட்டாள். "எல்லாரும் ஏன் இந்தப் பிள்ளைகிட்ட மட்டும் இவ்வளவு மெதுவாப் பேசுறாங்க? இவ செத்துப்போயிருவாளா அண்ணே?"

நான் பிளேன்டி ஊற்றப் போய்விட்டேன். பதில் சொல்லவில்லை. யூனாவோடு கூடப் போகும் லுலுவும் வாக்காவும் செய்வதைத்தான் நானும் செய்கிறேன் என்று அடுப்படியில் நிற்கும்போது தோன்றியது.

அதே நாளில் மிஹென் போர்நடவடிக்கையும். தடைசெய்யப்பட்ட இயந்திரங்களை வைத்து சின்னை அடிக்கப் போகிறார்கள். அந்த இயந்திரங்கள் பாவம் என்று போதிக்கிற மதத்தின் பெரியவர்களே அங்கே வந்து நின்று தலையாட்டுகிறார்கள், அடி விழும்போது செத்துப்போவது சாதாரண சிப்பாய்கள். லுஸூ, கட்டா என்று இரண்டு பேர் கதை ஆரம்பத்திலிருந்து வருகிறார்கள், கட்டாவிடம் நாம் என்ன சொல்கிறோம் என்பதைப் பொறுத்து இருவரில் ஒருவர் சாகிறார். சின்ன விஷயம், ஆனால் குத்தும். மதத்தைப் பற்றி ஒரு பிரசங்கமும் வைக்காமலே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

கரண்ட் போய்விட்டது. வழியில் ஆங்காங்கே இருக்கும் கோளத்தைத் தொட்டால்தான் விளையாடிய தூரத்தைச் சேமிக்கலாம் என்ற பழைய காலத்து முறை, தொடாமல் விட்ட தூரமெல்லாம் போச்சு. காட்சிகளைத் தாண்டவும் முடியாது, எல்லாவற்றையும் மறுபடி முதலில் இருந்து கேட்க வேண்டும். இதையும் குறையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை கேட்டால் வசனங்களில் நிறைய இடங்கள் இழுவை.

ஜூன் 21, சனி

வாக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அவன்தான், எரிச்சல் வருவதும் அவன்மேல்தான். நல்ல மனுஷன், டீடஸுக்குச் சாப்பாடு கொடுத்து ஊரில் சேர்த்துக்கொண்டவன், அண்ணன் மாதிரி. ஆனால் அல் பெட் ஆட்கள் என்றால் வாயில் நல்ல வார்த்தை வராது. வேறு மொழி பேசுகிறார்கள், இயந்திரம் வைத்திருக்கிறார்கள், ஆகவே நாட்டுக்கு வந்த கேடெல்லாம் அவர்களால்தான். அவனுடைய தம்பி அண்ணன் கொடுத்த வாளை விட்டுவிட்டு அல் பெட் ஆயுதத்தோடு சண்டைக்குப் போய்ச் செத்தவன், அந்தத் துக்கம் முழுவதும் அந்த வெறுப்புக்குள் ஒளிந்திருக்கிறது. கூடவே சிரித்துப் பேசி வந்த ரிக்கு அல் பெட் பெண் என்று மக்கலானியா ஏரியில் தெரிந்ததும் அவன் முகம் மாறுவதைப் பாருங்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர், நாம் போனை எடுத்துத் தமிழில் பேசியதும் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வது மாதிரி. எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

இவ்வளவு நன்றாகக் கட்டியதை அவிழ்ப்பதில்தான் அவசரம். அல் பெட் ஊர் எரிவதைப் பார்க்கிறான், கொஞ்சம் புலம்புகிறான், அப்புறம் பார்த்தால் எல்லோரும் ஒரே ஆகாயக்கப்பலில் சிநேகம். பிறந்ததிலிருந்து ஊறின வெறுப்பு அப்படியா போகும்? இன்னும் ஒரு சண்டை, ஒரு மன்னிப்பு, ரிக்கு பக்கத்திலிருந்து ஒரு கோபமாவது வேண்டும்.

இனி சீமோர். நீலத் தலைமுடியை மரக்கிளை மாதிரி வளர்த்துக்கொண்டு, காற்றோட்டமாகச் சட்டை போட்டுக்கொண்டு, மெதுவாகப் பேசுகிற வில்லன். வாழ்வது துன்பம், எல்லோரும் செத்தால் துன்பம் தீரும், ஆகவே நானே சின்னாக மாறி எல்லோரையும் கொல்வேன். இதுதான் ஐயாவின் தத்துவம். நான்கு தடவை அவனோடு சண்டை போட வேண்டும், ஒவ்வொரு தடவையும் இதையே திரும்பச் சொல்வான். இடையில் யூனாவோடு ஒரு கல்யாணம் வேறு. ஆகாயத்திலிருந்து கயிறு பிடித்து இறங்கிக் கல்யாணத்தை நிறுத்துகிற காட்சி பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது, ஆனால் யாத்திரையின் கனம் அதோடு போய்விடுகிறது.

கோபம் என்னவென்றால், சீமோருக்கு நல்ல கதை இருக்கிறது. இரண்டு இனத்துக்குப் பிறந்து இரண்டு பக்கமும் ஒட்டாத பிள்ளை, தனக்காக இறுதித் துணையாக மாறப்போகும் அம்மாவிடம் வேண்டாம் என்று அழுகிற சின்னப் பையன். அதை ஒரு குட்டி ஞாபகக்காட்சியாக ஓரத்தில் வைத்துவிட்டார்கள். இழந்த அம்மாவை நடுவில் வைத்திருந்தால் இவன் வில்லனே இல்லை, யூனாவின் மறுபக்கம்.

ஜூன் 22, ஞாயிறு

எரிகிற அல் பெட் ஊருக்குள் உண்மை வெளியே வந்துவிட்டது. இறுதித் துணையை அழைத்தால் சின் சாகும், அழைத்தவரும் சாவார். எல்லோருக்கும் தெரியும். டீடஸுக்கு மட்டும் தெரியாது. அவன் கத்துகிறான், ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று.

தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்கும் தெரியும்தானே, அண்ணே."

எந்தப் படமும் புத்தகமும் எனக்கு இந்த மாதிரிக் குற்றவுணர்வைத் தந்ததில்லை. அப்பா இல்லாத ஊரில் வளர்ந்த ஒரு பெண், அவள் சாவதால் நாட்டுக்குக் கொஞ்ச காலம் நிம்மதி, அதற்கு நாடு முழுவதும் பூ தூவி வழிவிடுகிறது. யாரும் அவளைத் தள்ளிவிடவில்லை. கும்பிட்டுக்கொண்டே அனுப்பிவைக்கிறார்கள். வில்லன் இல்லாமலே இது நடக்கிறது. அதனால்தான் இதற்கு ஒரு சீமோர் தேவையே இல்லை என்கிறேன்.

ஜூன் 28, சனி

ககஸெட் மலை. பனிக்குள் ஏறும் வழியெல்லாம் பாதியில் செத்துப்போன அழைப்பாளர்களின் கல்லறைகள். யூனா எல்லோருக்கும் விடைசொல்லிப் பதிந்துவைத்த கோளம் (இங்கே வீடியோ பதிகிற கருவியும் கோளம்தான்) கீழே விழுந்து கிடக்க, டீடஸ் எடுத்துப் பார்க்கிறான். கடந்த ஏப்ரலில் சிவனொளிபாதமலை ஏறினேன், அங்கே ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்களைப் பார்த்து இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்தப் பாதையில் இறங்கி வருகிறவர்கள் இல்லை. (சீமோர் இங்கேயும் வந்தான். விடுங்கள்.)

அப்புறம் ஸனார்கண்ட், முதல் காட்சியின் நெருப்பு, இறுதித் துணையைக் கொடுப்பவளான யூனலெஸ்கா. இறுதித் துணை என்று ஒன்று அங்கே காத்திருக்கவில்லை, கூட வந்த பாதுகாவலர்களில் ஒருவரையே அதுவாக மாற்ற வேண்டும், அப்படி மாறினவர்தான் அடுத்த சின். டீடஸின் அப்பா ஜெக்ட் இப்போதைய சின்னாக இருப்பதும் அப்படித்தான். யாத்திரையால் சின் ஒருநாளும் ஒழியாது. மக்களுக்கு நம்பிக்கை என்று ஒன்று இருக்கட்டுமே என்பதற்காக நடத்துகிறார்கள்.

ஜெக்ட்டைச் சொல்லிய விதம் பிரமாதம். வழியெல்லாம் அவர் விட்டுப்போன கோளங்கள் கிடைக்கும். குடித்துவிட்டு அலம்பல் பண்ணுகிறவர், கோளத்துக்குக் கோளம் மாறிக்கொண்டே வருகிறார். மகன் வெறுத்த அப்பாவை நாம் மகனுக்கு முன்பே மன்னித்துவிடுகிறோம்.

ஜூலை 1, செவ்வாய்

இடிமுழக்கச் சமவெளியில் லுலுவின் ஆயுதத்துக்காக மின்னலை 200 தடவை விடாமல் தொடர்ந்து தப்ப வேண்டுமாம். வெளியே நிஜ இடி. உலகம் அழியப்போகும் நேரத்தில் இதைச் செய்யச் சொல்கிற கதையை எப்படி எடை போடுவது? நான் செய்யவில்லை.

ஜூலை 5, சனி

முடிந்தது. கடைசிப் பகுதி சறுக்கல்தான். சின்னுக்குள் ஒளிந்திருந்து அதை இயக்குகிற யூ யெவன் கடைசியில் பூச்சி மாதிரி ஒரு உருண்டை, ஒரு வார்த்தை பேசாது. டீடஸ் நிஜ ஆளில்லை, தெய்வங்கள் காண்கிற கனவு என்பதையும் ஒரு பையன் வந்து நின்று விளக்கித் தீர்க்கிறான், மற்றதெல்லாம் நடந்து காட்டியது, இது மட்டும் பாடம். யூனலெஸ்கா இல்லை என்று கேட்டதும் மிக்கா, இனி நம்பிக்கையே இல்லை என்று மறைந்துபோகிற காட்சி இருக்கிறது. அற்புதம். ஆனால் சந்தையில் இருக்கிற, வயலில் இருக்கிற சாதாரண ஜனங்கள் தாங்கள் கும்பிட்டது பொய் என்று தெரிந்து என்ன செய்தார்கள்? அதைக் கேட்க இந்தக் கதைக்கு நேரம் இருந்திருக்க வேண்டும், சீமோருக்கு நான்கு தடவை நேரம் இருந்ததே.

ஆனாலும் ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். இத்தனை தூரம் யூனாவுக்குத் துணையாக வந்த மிருகங்களை ஒவ்வொன்றாக அழைத்து நாமே கொல்ல வேண்டும். அந்தச் சண்டையில் தோற்க முடியாது. தோற்க முடியாத சண்டை இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. டீடஸ் மறைகிறான், யூனா கட்டிப்பிடிக்க ஓடி அவனுக்குள்ளால் விழுகிறாள். தங்கச்சி சால்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

எழுத்தெல்லாம் ஓடி முடிந்த பிறகு டீடஸ் தண்ணீருக்குள் கண் திறந்து மேலே நீந்துகிற ஒரு துண்டு வருகிறது. அதை வெட்டியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. போனவன் போனான், 2003இல் வந்த அடுத்த பாகத்துக்கு வாசல் திறந்துவைக்கிற வேலை அது. தங்கச்சிக்கு அது இருந்தே ஆக வேண்டுமாம். "அந்தப் பிள்ளை எல்லாருக்காகவும் எல்லாத்தையும் குடுத்துட்டா. அவளுக்குன்னு ஒண்ணாவது திரும்பி வரட்டும், உனக்கு என்ன கஷ்டம்?" என்றாள்.

எனக்கு இன்னும் வெட்ட வேண்டும் என்றுதான் இருக்கிறது. அவளோ அடுத்த பாகத்தைத் தொடங்கிவிட்டாள்.