ராட்சதப் பாம்புகளுக்கு ஒரு காலப்பட்டை

டைட்டனோபோவா, வாசுகி போன்ற பெரும்பாம்புகளின் காலத்தைக் கோடிகளில் படிக்கும்போது அந்த இடைவெளிகள் மனத்தில் பதிவதில்லை என்பதால், பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் ஒரு மீட்டர் நீளக் காகிதப் பட்டையில் அவற்றைக் குறித்து வருகிறேன். வலது ஓரம் இன்றைய நாள்.

பறவைகள் தவிர்த்த டைனோசர்கள் அழிந்த எல்லையை 66-ஆவது சென்டிமீட்டரில் சிவப்புக் கோடாக இழுத்தேன். அதற்குச் சற்று முன்னர் வருவது, குஜராத்தில் கிடைத்த சனாஜே இண்டிகஸ். சுமார் 3.5 மீட்டர் நீளமுள்ள இப்பாம்பின் எலும்புகள் டைனோசர் கூட்டுக்குள், முட்டையொன்றைச் சுற்றியபடியே கல்லாகியிருந்தன. டைட்டனோபோவாவையும் டைனோசர்களையும் ஒரே காட்சியில் வரையும் ஓவியங்கள் பல உண்டு. கொலம்பியாவின் செர்ரெஹோன் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்து 2009-இல் பெயர் பெற்ற அப்பாம்போ, பாலியோசீன் காலத்தில், 60-க்கும் 58-க்கும் இடையில்தான் வருகிறது. சிவப்புக் கோட்டிலிருந்து அதுவரை உள்ள ஆறு சென்டிமீட்டர் வெற்றிடத்தைப் பார்த்த பிறகு அந்த ஓவியங்களை ஏற்க மனம் ஒப்பவில்லை.

குஜராத்தின் கட்ச் பகுதியிலுள்ள பானந்த்ரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் எடுக்கப்பட்டு 2024-இல் விவரிக்கப்பட்ட வாசுகி இண்டிகஸ், இயோசீன் காலத்தில், 47-ஆவது சென்டிமீட்டரில் நிற்கிறது. ஆக, போட்டியாளர்களைப் போலப் பேசப்படும் இவ்விரு பாம்புகளும் ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் விலகி வாழ்ந்தவை. வாசுகிக்குக் கிடைத்தவை 27 முள்ளெலும்புகள் மட்டுமே. இன்றைய பாம்புகளில் எலும்பின் அகலத்துக்கும் உடல் நீளத்துக்கும் உள்ள தொடர்பைக் கொண்டு, ஒரு முறையில் 10.9 முதல் 12.2 மீட்டர் என்றும் மற்றொரு முறையில் 14.5 முதல் 15.2 மீட்டர் என்றும் கணித்திருக்கிறார்கள். எனவே அதன் உடலை முழுக்கோடாக வரையாமல், கடைசிப் பகுதியைப் புள்ளிக்கோடாக விட்டிருக்கிறேன். அதுவே நேர்மையான படம் என்பது என் கருத்து. அதன் மிகப் பெரிய முள்ளெலும்பின் அகலமான 11 சென்டிமீட்டருக்கு ஓர் அட்டையை வெட்டிக் கையில் வைத்தபோது, அது என் உள்ளங்கையின் இருபுறமும் நீட்டிக்கொண்டு நின்றது.

வெப்பத்தையும் வண்ணத்தில் காட்டியிருக்கிறேன். உடல் வெப்பத்துக்குச் சூழலை நம்பும் உயிர் அந்த அளவுக்கு வளர, டைட்டனோபோவாவின் நிலத்தில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 30 முதல் 34 டிகிரி செல்சியஸ் இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. வாசுகிக்கு அது சுமார் 28 டிகிரி. இயோசீன் முடியும் 34-ஆவது சென்டிமீட்டரில், அன்டார்க்டிகாவில் பனிப்படலம் பரவிய இடத்தில், நீலம் தொடங்குகிறது.

வாசுகியின் மாட்சோயிடே குடும்பம் அக்குளிரிலும் அற்றுப்போகவில்லை. அதன் கடைசி உறுப்பினர்களில் ஒன்றான ஆஸ்திரேலியாவின் வோனாம்பி, ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன்புவரை, அதாவது பட்டையின் கடைசி அரை மில்லிமீட்டர்வரை வருகிறது. எகிப்தின் ஃபாயூமில் கிடைத்த ஜைஜாண்டோபிஸை அடுத்து வரைய வேண்டும். முன்பு 10 மீட்டர்வரை மதிப்பிடப்பட்ட அதன் நீளம் பின்னர் சுமார் 7 மீட்டராகக் குறைக்கப்பட்டிருப்பதால், இரண்டு அளவுகளையும் குறிப்பதாக இருக்கிறேன்.