லையல் பள்ளத்தாக்கும் ஒரு நீல டப்பாவும்

ஆகஸ்ட் 13, புதன். சான் ஹோசே

சாப்பாட்டு மேசை முழுக்கப் பொட்டலங்கள். நடுவில் நீல நிறத்தில் கேனிஸ்டர், கரடியால் திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா. எங்கள் வீட்டில் அதற்குக் கரடி டப்பா என்றுதான் பெயர். 11.5 லிட்டர் கொள்ளளவு, காலியாகவே 1.16 கிலோ எடை. கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், காட்டுப் பகுதியில் எங்கே இரவு தங்கினாலும் இப்படி ஒரு டப்பா கட்டாயம். வெள்ளிக்கிழமை அங்கே நடக்கக் கிளம்புகிறோம். இரண்டு பேர் மூன்று ராத்திரிக்குச் சாப்பிடுவது அத்தனையும் இதற்குள் அடங்க வேண்டும். சாப்பாடு மட்டுமென்றால் பரவாயில்லை. பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், உதட்டுக்குப் பூசும் களிம்பு, குப்பைப் பை, கூட வரும் மாப்பிள்ளையின் தலைவலித் தைலம், எல்லாவற்றுக்கும் இடம் விட வேண்டும். வாசனை உள்ள எதுவும் ராத்திரியில் டப்பாவுக்கு வெளியே இருக்கக் கூடாது.

மாப்பிள்ளை என்றால் மனைவியின் தம்பி. கோத்தகிரிக்காரன், ஊரிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

கடையில் விற்கும் மலையேற்ற உணவுப் பாக்கெட்டுகளை நான் வாங்குவதில்லை. ருசி ஒரு பக்கம் இருக்கட்டும், பாதிப் பாக்கெட் காற்று. டப்பா வைத்துக்கொண்டு நடப்பவனுக்குக் காற்றுதான் எதிரி. அந்த வகையில் நம்ம ஊர்ச் சமையல் இதற்கென்றே செய்ததுபோல இருக்கிறது. அவல், வறுத்த ரவை, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வேர்க்கடலை, கடலைமிட்டாய், ஒரு சின்னப் புட்டியில் நெய். எல்லாமே கனம், எதிலும் காற்றில்லை. அட்டைப்பெட்டி, கண்ணாடிப் புட்டி எல்லாவற்றையும் கழித்துவிட்டு ஜிப் பைகளில் மாற்றியாகிவிட்டது.

சண்டை முறுக்கில் வந்தது. மனைவி சுட்டுக் கொடுத்தது, விட்டுவிட்டுப் போக முடியாது. முழுசாக வைத்தால் கால் டப்பாவை அதுவே பிடித்துக்கொள்ளும். நொறுக்கிப் பையில் போட்டேன்.

“உடைச்சுட்டா அது முறுக்கா மாமா?”

“கரடி கேக்கப் போறதில்ல மாப்ளே.”

கடைசி நாள் சாப்பாடு அடியில், முதல் நாளுடையது மேலே. இடுக்குகளில் அவல் பைகளை அமுக்கினால் சந்து தெரியாமல் அடைத்துக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் டப்பாவில் போக வேண்டியதில்லை. படுப்பதற்கு முன் வயிற்றுக்குள் போய்விடும். புதிதாகக் கிளம்புகிறவர்கள் இதை யோசிக்காமல் டப்பா பத்தவில்லை என்று இன்னொன்று வாடகைக்கு எடுப்பார்கள்.

“இவ்வளவு பெருங்காயம் போட்டிருக்கே, கரடிக்கு வாசனை தெரியாதா?” என்று மனைவி கேட்டாள். தெரியும். டப்பா வாசனையை மறைக்காது. கரடி வரும், உள்ளே என்ன இருக்கிறது என்று நம்மைவிட நன்றாகவே அதற்குத் தெரியும். திறக்க முடியாது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி. லையல் பள்ளத்தாக்கு

(சிக்னல் கிடையாது. தாளில் எழுதி வைத்துக் கீழே வந்தபின் ஏற்றுகிறேன்.)

விடியும் முன் கிளம்பி, டியோகா சாலை வழியாக டுவாலுமி புல்வெளிக்கு வந்து சேர்ந்தோம். சுமார் 2,600 மீட்டர் உயரம். பெர்மிட் தரும் அலுவலகத்தில் ரேஞ்சர் அம்மா முதலில் கேட்டது டப்பாவைத்தான், பிறகுதான் பெயரை. லையல் பக்கம் கரடி நடமாட்டம் இருக்கிறது, சமைக்கும்போதும் சாப்பாட்டை விட்டு நகராதீர்கள் என்றார்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை கேட்டான்: “இந்த ஒரு கிலோவைத் தூக்கறதுக்கு, பையில போட்டு மரத்துல தொங்கவிட்டா ஆகாதா?”

ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஒரே எடையுள்ள இரண்டு மூட்டைகளை ஒரு கயிற்றின் இரு முனையில் கட்டி, உயரமான கிளையின் மேல் தராசு போலத் தொங்கவிடுவார்கள். கயிற்றைக் கீழே எங்கும் கட்ட வேண்டாம் என்பதுதான் இதில் சூட்சுமம், ஏனென்றால் கட்டிய கயிற்றைக் கரடி கடித்துவிடும். யோசெமிட்டிக் கரடிகள் இதையும் படித்துவிட்டன. தாய்க் கரடி குட்டியைக் கிளை நுனிக்கு அனுப்பும். சில கரடிகள் மரத்திலிருந்தே மூட்டைமேல் பாய்ந்து அதையும் இழுத்துக்கொண்டு கீழே விழும். இப்போது இந்தப் பூங்காவின் காட்டுக்குள் சாப்பாட்டை மரத்தில் தொங்கவிடுவது சட்டப்படி குற்றம்.

காரிலும் ஒன்றும் விட்டுவைக்க முடியாது. திரும்பும் வழிக்காக வைத்திருந்த ஊறுகாய், சிப்ஸ், தண்ணீர்ப் பாட்டிலில் கரைத்து வைத்த எலுமிச்சைச் சாறு எல்லாவற்றையும் பாதை தொடங்கும் இடத்திலுள்ள இரும்பு லாக்கரில் வைத்துப் பூட்டினோம். மீறினால் 5,000 டாலர் வரை அபராதம். 1998-ல் மட்டும் இந்தப் பூங்காவில் கரடிகளால் 1,500-க்கும் மேற்பட்ட சம்பவங்கள், ஆறு லட்சம் டாலருக்கு மேல் சேதம். பெரும்பாலும் கார்கள்தான். கதவின் மேல்விளிம்பில் நகத்தை மாட்டி, ஜன்னல் சட்டத்தையே மடக்கி இறக்கிவிடும். 2001 முதல் 2007 வரை உடைபட்ட வண்டிகளை எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள், கரடிகள் மினிவேன்களைத்தான் தேடிப்போய் உடைத்திருக்கின்றன என்று கண்டார்கள். குழந்தைகள் சீட்டுச் சந்தில் சிந்தியதுதான் காரணமாக இருக்கும் என்பது அவர்கள் ஊகம். பே ஏரியாத் தமிழ்க் குடும்பங்களின் கார் நிறுத்தத்தை ஒரு கரடிக்குக் காட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

இந்தக் கெட்ட பழக்கம் கரடிக்குத் தானாக வந்ததில்லை. 1920-களிலிருந்து 1940 வரை பூங்காக்காரர்களே குப்பைச் சாப்பாட்டை மேடையில் கொட்டி, விளக்குப் போட்டு, கரடி தின்பதை மக்களுக்குக் காட்சியாக நடத்தினார்கள். கடைசித் திறந்தவெளிக் குப்பைக் கிடங்கை மூடியது 1971-ல். அதற்குப் பிறகு கிடங்கில் தின்று பழகிய கரடிகள் எங்கே போகும்? முகாமுக்குத்தான் வந்தன.

பள்ளத்தாக்கு அழகைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, அதனால் சுருக்கமாக. சமதளப் பாதை, இடது பக்கம் ஆறு வளைந்து வளைந்து கூடவே வருகிறது, கிழக்கில் குனா மலைமுகடு. முதல் நான்கு மைலுக்குள் தங்க அனுமதி இல்லை. அதைத் தாண்டி அயர்லாந்து ஓடைப் பிரிவுக்குப் பக்கத்தில், பைன் மரங்களுக்கு நடுவே கூடாரம் போட்டோம்.

புளியோதரை, பொடித்த முறுக்கு. (உடைத்த முறுக்கை மாப்பிள்ளைதான் அதிகம் சாப்பிட்டான்.) இருட்டுமுன் பாத்திரம் கழுவி, டப்பாவைக் கூடாரத்திலிருந்து முப்பது மீட்டர் தள்ளி, சமமான இடமாகப் பார்த்துத் தரையில் வைத்தேன். பாறை விளிம்பிலோ ஆற்றங்கரையிலோ வைத்தால் கரடி உருட்டுகிற உருட்டில் போய்ச்சேர்ந்துவிடும். கயிறு கட்டவும் கூடாது. கரடிக்குக் கைப்பிடி கொடுத்த மாதிரி ஆகும். மேலே இரண்டு அலுமினியப் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தேன், தட்டினால் சத்தம் வரட்டும் என்று.

“எங்க ஊர்ல எஸ்டேட் லைன் வீட்டுக்குள்ளயே வரும் மாமா. எண்ணெய்தான் அதுக்கு. சத்துணவுக் கூடக் கதவை உடைச்சு எண்ணெயைக் குடிச்சிட்டுப் போயிருக்கு. கோயில்ல விளக்கு எண்ணெயையும் விடாது.”

அது தேன்கரடி, கிட்டே போனால் முகத்தைக் கிழித்துவிடும். இங்கே இருப்பது அமெரிக்கக் கருங்கரடி. பெயர்தான் கருப்பு, யோசெமிட்டியில் பெரும்பாலும் பழுப்பாகவே இருக்கும். பயந்த சுபாவம். கலிபோர்னியாக் கொடியில் இருக்கிற கிரிஸ்லி கரடி இந்த மாநிலத்தில் அழிந்து நூறு வருஷமாகிறது. ஆகவே இங்கே கரடி வந்தால் கத்த வேண்டும், ஓட வேண்டியதில்லை என்று சொன்னேன். அவன் நம்பின மாதிரி தெரியவில்லை.

ஆகஸ்ட் 16, சனி. எவலின் ஏரி

வந்தது.

ராத்திரி இரண்டு மணி இருக்கும், பாத்திரம் உருண்டது. டார்ச்சை அடித்தால் இரண்டு கண்கள், அதற்குக் கீழே பழுப்பாக ஒரு பெரிய முதுகு. உட்கார்ந்துகொண்டு டப்பாவை இரண்டு கையாலும் அணைத்து, மூடியை வாயால் துழாவிக்கொண்டிருந்தது. பல் பிளாஸ்டிக்கில் வழுக்கும் சத்தம் இங்கே வரை கேட்டது. டப்பா அகலமாக இருப்பதற்கும், ஓரமெல்லாம் உருண்டையாக இருப்பதற்கும் காரணம் இதுதான்: வாய்க்குள் அடங்காது, பல் மாட்ட விளிம்பு கிடைக்காது.

கைதட்டிக் கத்தினோம். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன், மாப்பிள்ளை சுத்தக் கோத்தகிரித் தமிழில் அதன் வம்சத்தையே இழுத்தான். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் உருட்டியது. கல்லை மரத்தில் தட்டினேன். இன்னும் ஒரு உருட்டு. அப்புறம் ஏதோ வேலை ஞாபகம் வந்ததுபோல எழுந்து, ஓடாமல், நடந்தே போனது. சாப்பாடு கையில் கிடைத்துவிட்ட கரடியாக இருந்தால் இப்படிக் கத்திக்கொண்டு கிட்டே போகக் கூடாது. அது அதன் சொத்து, விட்டுவிட வேண்டியதுதான். டப்பா மூடியிருக்கும்வரை அந்தப் பிரச்சினை இல்லை.

அதற்குப் பிறகு யாரும் தூங்கவில்லை.

காலையில் டப்பா ஒரு விழுந்த மரத்தடியில் கிடந்தது. பக்கவாட்டில் நான்கு கோடுகள், நகத்தால் தடவிப் பார்த்தால் ஆழம் இல்லை. மூடியைச் சுற்றி எச்சில் காய்ந்து, அதன்மேல் பைன் ஊசியும் மண்ணும் அப்பியிருந்தன. ஈரக் கம்பளி நாற்றம். உள்ளே நெய்ப்புட்டி பத்திரம்.

திறக்கத்தான் கஷ்டப்பட்டோம். மூடியில் இரண்டு குமிழ்கள் உண்டு. ஒவ்வொன்றையும் உள்ளே அழுத்திக்கொண்டே திருகினால் தடுப்பைத் தாண்டிப் போகும். காலைக் குளிரில் பிளாஸ்டிக் விறைத்துப்போய்க் கட்டைவிரல் நோகிறது. கிரெடிட் கார்டை மூடி இடுக்கில் செருகிக் குமிழை நெம்பினால் வழிக்கு வரும். மலையேறுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

இரண்டு குமிழ் எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டதால் மஞ்சள்-மஞ்சள் கதையைச் சொன்னேன். நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலைகளில் இருந்த ஒரு பெண் கரடி. இரண்டு காதிலும் மஞ்சள் அடையாள வில்லை, அதனால் அந்தப் பெயர். உருவத்தில் சின்னது. இந்தக் கம்பெனி டப்பாவின் மூடியில் அப்போது ஒரே குமிழ்தான். அதைப் பல்லால் அழுத்திக்கொண்டே திருகலாம் என்று கண்டுபிடித்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் யோசித்து இரண்டாவது குமிழை வைத்தார்கள். அதையும் திறந்தது. 2012-ல் ஒரு வேட்டைக்காரர் சுட்டுச் செத்தது. வருஷக்கணக்காக ஒரு தொழிற்சாலையை வரைபடம் மாற்ற வைத்த கரடி வேறு இருக்காது என்று நினைக்கிறேன். நேற்று வந்ததற்கு அந்தப் படிப்பு இல்லை.

இப்படிப் படிக்காமல் இருப்பதில்தான் இதன் உயிர் இருக்கிறது. ஒருமுறை மனிதச் சாப்பாடு ருசி கண்டால் மறுபடி மறுபடி வரும், துணிச்சல் ஏறும், கடைசியில் பூங்காவே அதைக் கொல்ல வேண்டி வரும். இங்கே ஒரு ஆய்வு செய்தார்கள். அருங்காட்சியகத்தில் இருந்த பழைய கரடித் தோல்களிலும் இப்போதைய கரடிகளின் முடியிலும் உள்ள கார்பன், நைட்ரஜனை வைத்து, முகாம்களில் தின்று பழகிய கரடிகளின் தீனியில் மனிதச் சாப்பாடு எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். 1975 முதல் 1985 வரை 35 சதவீதம். 1999-க்குப் பிறகு 13 சதவீதம். இடையில் நடந்தது டப்பாவும் லாக்கரும் அபராதமும்தான். கரடிகள் மறுபடி புல்லுக்கும் எறும்பு முட்டைக்கும் மன்சனீட்டா என்கிற புதரின் பழத்துக்கும் போயிருக்கின்றன.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. எவலின் ஏரியிலேயே

ஓய்வு. 3,100 மீட்டருக்கு மேல் உயரம், ஏரியைச் சுற்றி மரம் குறைவு, காற்று அதிகம். 9,600 அடிக்கு (சுமார் 2,900 மீட்டர்) மேல் நெருப்பு மூட்டத் தடை, அதனால் கேஸ் அடுப்புதான். தண்ணீர் 90 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுகிறது. அரிசி கொண்டுவந்திருந்தால் சாயங்காலம் வரை வெந்துகொண்டிருக்கும். அவல் ஊறினால் போதும்.

கரடி இல்லை. மார்மட் என்கிற கொழுத்த மலை அணில்தான் தொல்லை. மாப்பிள்ளை கைத்தடியைப் பாறையில் சாத்திவிட்டுக் கால் நனைக்கப் போனான். திரும்பி வருவதற்குள் வியர்வை உப்புக்காகக் கைப்பட்டையைப் பாதி மென்றுவிட்டது. டப்பாவில் பட்டையை வைக்க இடம் உண்டா என்று கேட்டான். மூன்றாம் நாளில் பாதி காலி, தாராளமாக உண்டு. பகலில் உட்கார முக்காலியும் அதுதான்.

ஆகஸ்ட் 18, திங்கள். டுவாலுமி

வோகல்சாங் வழியாக ஏறி, ராஃபர்ட்டி ஓடையோரம் இறங்கி மதியத்துக்குள் சாலைக்கு வந்துவிட்டோம். கரடி வந்ததை அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். எந்தக் கரடி எங்கே துணிகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ரேஞ்சர் படிவத்தை எடுத்தார். எத்தனை மணி, எந்த இடம், நிறம், காதில் வில்லை உண்டா, கழுத்தில் பட்டை உண்டா, சாப்பாடு கிடைத்ததா. காதைக் கவனிக்கும் நிலையில் அப்போது யாரும் இல்லை என்றேன். சாப்பாடு? ஒரு பருக்கை இல்லை. அந்த வரியில் பெரிதாக ஒரு டிக் போட்டார்.

லாக்கரிலிருந்து ஊறுகாயை எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த சப்பாத்தியைக் கார் மூடிமேல் வைத்துச் சாப்பிட்டோம். மாப்பிள்ளை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது என்ன விலை மாமா?”

“நூறு டாலர் பக்கம் வரும். ஏன்?”

“அம்மாவுக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போலாம்னு. எண்ணெய் வெச்சுக்க.”

“உங்க அம்மா வாங்கறது பதினஞ்சு கிலோ டின்னுடா.”

மூடியைத் திருகிப் பார்த்துவிட்டு, கார்டு எங்கே என்று கேட்டான்.