பேரில்லாத பிறப்புச் சான்றிதழும் என்ஐஓஎஸ் சேர்க்கையும்

மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் ஒன்பது வருசமாக வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். பின்னக் கணக்கு சொல்லிக்கொடுக்கக்கூட நான் இவ்வளவு திணறியதில்லை. போன மாசம் ஒரு பிறப்புச் சான்றிதழ் என்னை அழவைத்துவிட்டது.

14 வயது முடிந்ததும் என்ஐஓஎஸ் என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிய உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள், பத்தாம் வகுப்புப் பாடம் படிக்கிற அளவுக்குப் படித்திருக்கிறோம் என்று தாங்களே உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும். அந்தத் தைரியத்தில்தான் இருந்தேன். பிறந்த தேதிக்கு ஆதாரமாகச் சான்றிதழை எடுத்தால், பேர் இருக்க வேண்டிய இடம் காலி! ஆஸ்பத்திரியில் பிறந்த கையோடு பதிந்தது. நாங்கள் பேர் வைத்தது இருபத்தெட்டாம் நாள் பிள்ளைக்கு அரைஞாண் கட்டுகிற இருபத்தெட்டு கெட்டுக்கு. பள்ளியில் சேர்த்திருந்தால் அப்போதே கண்ணில் பட்டிருக்கும்.

முதல் நாள் திருவட்டாறு பக்கத்தில் எங்கள் ஊர் அலுவலகத்தில் காத்திருந்தது வீண். பிறப்பைப் பதிந்த இடத்தில்தான் பேர் சேர்க்க முடியும். மறுநாள் ரெண்டு பஸ் மாறி, அவள் பிறப்பைப் பதிந்த நாகர்கோவில் அலுவலகம்.

"ஸ்கூல் சர்டிபிகேட் எங்கம்மா?"

"வீட்டிலதான் சார் படிக்கா."

"அப்போ படிக்காத பிள்ளையா?"

மகளை வைத்துக்கொண்டே அங்கிருந்த அலுவலர் கேட்டார். வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தவள், திரும்பும்போது தக்கலை தாண்டும்வரை வாயே திறக்கவில்லை. அந்தக் கேள்வி இன்னும் எனக்கு ஆறவில்லை.

மூன்றாவது தடவை வீட்டுக்காரரையும் கூட்டிப் போனேன். இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி, மூன்று பேர் ஆதார், பழைய சான்றிதழ், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் கையில். அன்றைக்கு இருந்தது வேறொரு மேடம். விண்ணப்பத்தை மகளே நிரப்பினாள். பக்கத்தில் நின்ற பாட்டி, "மக்களே, எனக்கும் ஒண்ணு எழுதித் தாயேன்" என்றதும் அதையும் நிதானமாகக் கேட்டுக் கேட்டு எழுதிக் கொடுத்தாள். "எந்த ஸ்கூல்மா?" என்றார் மேடம். "வீட்டிலதான் மேடம் படிக்கேன்." நான் வாய் திறக்குமுன் அவளே சொல்லிவிட்டாள். "எழுத்து நல்லா இருக்கு" என்றபடி அவர் முத்திரை குத்தியபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வீட்டில் படிக்க வைப்பவர்கள் இன்றைக்கே பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பேர் சேர்க்க 15 வருசம்தான் கெடு; நாங்கள் தப்பியது மயிரிழையில். இனிஷியல், எழுத்துக்கூட்டு ரெண்டும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். 

அதன்பிறகு ஆன்லைன் பதிவு ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. தமிழ் வழியிலேயே ஐந்து பாடம் எடுத்திருக்கிறாள்.

சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு: பிள்ளைகள் படிப்பதையும் செய்வதையும் தேதி போட்டு எழுதிவைக்க ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் நோட்டில் எனக்குப் பிடித்த பக்கம் மாத்தூர் தொட்டிப்பாலம். ஒரு கம்பை நட்டு, அதன் நிழலையும் பாலத்தின் நிழலையும் அளந்து உயரம் கண்டுபிடித்தாள். அவளுக்கு வந்தது 121 அடி, பலகையில் 115. எங்கே பிசகியது என்று மறுபடி டேப்போடு ஓடினாள். பள்ளத்தில் சாய்ந்து விழுந்த நிழலைச் சமதரை என்று எடுத்திருக்கிறாள். வடிவொத்த முக்கோணத்தை அதற்குப் பிறகு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பரீட்சையை நினைத்தும் பயப்பட வேண்டாம். ஐந்து வருசத்துக்குள் ஒன்பது வாய்ப்பு உண்டு. எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. இவள் முதலில் தமிழும் கணக்கும் எழுதப் போகிறாள்.