ஸ்டேட் லைன் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும்

கன்சாஸ் சிட்டின்னா கன்சாஸ்ல இருக்கற ஊருன்னு தான் ஊர்ல எல்லாரும் நினைக்கறாங்க, ஆனா பெரிய டவுன்டவுன், ஏர்போர்ட் எல்லாம் மிசௌரி ஸ்டேட்ல இருக்கு. நாங்க இருக்கறது ஓவர்லாந்து பார்க், இது கன்சாஸ் பக்கம். நடுவுல ஸ்டேட் லைன் ரோடுன்னு ஒரு சாதாரண ரோடு போகுது, அதுல இந்தப்பக்க வீடு கன்சாஸ், எதிர்வீடு மிசௌரி. இங்க வந்த புதுசுல நம்மாளுங்க சொல்லிக்குடுக்கறது எல்லாம் எந்தப்பக்கம் ஸ்கூல் நல்லாருக்கு, எந்தப்பக்கம் டாக்ஸ் கம்மி, இந்தியன் ஸ்டோர் எங்க, ஷானீல இருக்கற கோயிலுக்கு எப்படி போகணும், இவ்வளவு தான். வயித்துல புள்ளையோட இருக்கறவளுக்கு அபார்ஷன் விஷயத்துல எந்தப்பக்கம் என்ன சட்டம்னு யாரும் சொல்லமாட்டாங்க. 2022 வரைக்கும் அதைப் பத்தி பேச அவ்வளவா அவசியமும் இல்ல.

2022 ஜூன் 24ஆம் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட் டாப்ஸ் கேஸ்ல தீர்ப்பு சொல்லுச்சு. 1973ல வந்த ரோ தீர்ப்பு போச்சு, அபார்ஷன் உரிமை இனிமே நாட்டு அரசியல் சட்டத்துல இல்ல, அந்தந்த ஸ்டேட்காரங்க முடிவு பண்ணிக்கங்கன்னுட்டாங்க. அன்னைக்கே மிசௌரில தடை அமலுக்கு வந்துருச்சு, முன்கூட்டியே சட்டம் போட்டு ரெடியா வச்சிருந்தாங்க. பலாத்காரத்துல உண்டான கர்ப்பத்துக்குக் கூட விலக்கு கிடையாது. ரோட்டைத் தாண்டி இந்தப்பக்கம் வந்தா 22 வாரம் வரைக்கும் அனுமதி, ஏன்னா கன்சாஸ் சுப்ரீம் கோர்ட் 2019லயே இது எங்க ஸ்டேட் அரசியல் சட்டம் குடுக்கற உரிமைன்னு சொல்லியிருந்தது. ஒரே மால், ஒரே கோயில், ஒரே வாட்ஸப் குரூப், ஆனா ரெண்டு சட்டம்.

அந்த 2019 தீர்ப்பை செல்லாம ஆக்கறதுக்குத் தான் ஆகஸ்ட் 2ஆம் தேதி கன்சாஸ்ல ஓட்டெடுப்பு வச்சாங்க. நவம்பர் தேர்தலோட வைக்காம ஆகஸ்ட் பிரைமரியோட, அதாவது கட்சிங்க வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற தேர்தலோட வச்சாங்க. பிரைமரிக்கு எப்பவும் கூட்டம் கம்மி, வர்றவங்கள்லயும் ரிபப்ளிகன் ஆளுங்க தான் அதிகம், கட்சி சேராதவங்க பாதிப் பேருக்கு அன்னைக்கு ஓட்டு இருக்குன்னே தெரியாது. வாக்குச்சீட்டுல எழுதியிருந்ததும் சுத்தி வளைச்சு எழுதுனது, "எஸ்"னு போட்டா உரிமை போயிடும், "நோ"ன்னு போட்டா இருக்கும், அதைப் புரிஞ்சுக்கவே நாலு தடவை படிக்கணும். தெருவுல வீட்டு முன்னாடி புல்லுல ஒரு வீட்ல வோட் நோ போர்டு, அடுத்த வீட்ல "எஸ்" போடச் சொல்ற வேல்யூ தெம் போத்னு தாயும் சேயும் படம் போட்ட போர்டு. கத்தோலிக்க மறைமாவட்டம் மில்லியன் கணக்குல டாலர் எறக்குச்சு, அந்தப்பக்கமும் பணம் கொட்டுச்சு.

கன்சாஸ் எப்படிப்பட்ட ஸ்டேட்னு சொல்லணும். 1964க்கு அப்புறம் ஒரு டெமாக்ரட் ஜனாதிபதி வேட்பாளர் கூட இங்க ஜெயிச்சதில்ல. விச்சிட்டால அபார்ஷன் பண்ணிட்டிருந்த டாக்டர் ஜார்ஜ் டில்லரை 2009ல சர்ச்சுக்குள்ளயே சுட்டுக் கொன்னாங்க. அதனால எங்க ஆபீஸ்ல, கோயில்ல, எல்லா இடத்துலயும் பேச்சு "எஸ்" தான் ஜெயிக்கும்னு.

ராத்திரி ரிசல்ட் வந்தப்ப நோ 59 சதவீதம். ஓட்டு போட்டவங்க 9 லட்சத்துக்கும் மேல, பிரைமரில அப்படி ஒரு கூட்டத்தை கன்சாஸ் பார்த்ததே இல்ல. எங்க ஜான்சன் கவுண்டில மூணுல ரெண்டு பேருக்கு மேல நோ, இது படிச்சவங்க அதிகம் இருக்கற சபர்ப், அது கூட பரவால்ல, ஓசேஜ், ஃபிராங்க்ளின், லெவன்வொர்த்னு 2020ல ட்ரம்புக்கு நல்லா ஓட்டு போட்ட கவுண்டிகள்லயும் நோ தான் ஜெயிச்சுது. டாப்ஸ் தீர்ப்பு வந்த அடுத்த சில வாரத்துல இங்க ஓட்டுக்குப் புதுசா பேர் பதிஞ்சவங்கள்ல பத்துக்கு ஏழு பேர் பொம்பளைங்கன்னு கணக்கு வந்துச்சு. டாப்ஸ் தீர்ப்பை எழுதுன நீதிபதி அலிட்டோ, பெண்களுக்கு அரசியல் பலம் இல்லாம இல்ல, மிசிசிப்பில ஜனத்தொகைல 51.5 சதவீதம் இருக்கற பெண்கள் 2020 தேர்தல்ல ஓட்டு போட்டவங்கள்ல 55.5 சதவீதம்னு தீர்ப்புக்குள்ளயே எழுதியிருக்கார். அவர் சொன்ன பலத்தை ஆறு வாரம் கூட ஆகறதுக்குள்ள கன்சாஸ்காரங்க காட்டிட்டாங்க. பக்கத்து வீட்டுல எழுபது வயசு அம்மா, ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவங்க, கடைசி வரைக்கும் ரிபப்ளிகன், "என் பேத்திக்கு என்ன நடக்கணும்னு தலைநகர் டோபீகால உக்காந்திருக்கறவன் சொல்லக்கூடாது"ன்னு என்கிட்ட சொன்னாங்க. கட்சியை வச்சு ஒருத்தரோட ஓட்டைச் சொல்லிடலாம்னு நினைக்கறது தப்பு, இந்த நாட்டை எனக்கு கொஞ்சம் புரியவச்சது அந்த அம்மா தான்.

நம்மாளுங்க விஷயத்துக்கு வரேன். எச்-ஒன்பி வேலை விசா, எச்-ஃபோர் குடும்ப விசா கூட்டத்துக்கு ஓட்டு கிடையாது, கிரீன் கார்டு லைன் எப்ப நகரும்னு தெரியாது, டாக்ஸ் மட்டும் கட்டுறோம். அதனாலயோ என்னமோ "அது வெள்ளக்காரங்க பிரச்சனைங்க, நமக்கென்ன"ன்னு ஆம்பளைங்க சொல்றத நிறைய கேட்டிருக்கேன். எனக்கு அதைக் கேட்டா நிஜமாவே கோபம் வரும். அயர்லாந்துல கால்வேல 2012ல செத்துப்போன சவிதா ஹலப்பனாவர் யாரு? கர்நாடகால இருந்து போன பல் டாக்டர், கரு கலைஞ்சிட்டிருக்கறப்ப இதயத்துடிப்பு இருக்குன்னு சொல்லி எடுக்காம விட்டு, இன்ஃபெக்‌ஷன் ஆகி செத்துப்போச்சு. 2018ல அயர்லாந்து ஜனங்க 66 சதவீதம் ஓட்டு போட்டு அந்தச் சட்டத்தை மாத்துறப்ப சுவர்ல எல்லாம் அந்தப் பொண்ணு படம் தான். இந்தியாவுலயே 1971ல இருந்து அபார்ஷனுக்கு சட்டம் இருக்கு, 2021ல சில காரணங்களுக்கு 24 வாரம் வரைக்கும் நீட்டுனாங்க, அதே 2022ல செப்டம்பர்ல நம்ம சுப்ரீம் கோர்ட் கல்யாணம் ஆகாத பொண்ணுக்கும் அது பொருந்தும்னு சொல்லிருச்சு. அங்க இருந்து கிளம்பி இங்க வர்ற பொண்ணுக்கு இருந்ததும் போயிடக்கூடிய ஸ்டேட் இருக்குன்னு யாராவது சொல்லணுமில்ல.

ஏன்னா வேலை எங்க கிடைக்குதோ அங்க தான் நாம போறோம். என் வீட்டுக்காரருக்கு டல்லாஸ்ல நல்ல ஆஃபர் வந்துச்சு, பக்கத்துல ஃபிரிஸ்கோல நம்மாளுங்க எவ்வளவு பேர், கோயில், தமிழ் ஸ்கூல் எல்லாம் இருக்கு. ஆனா எங்களுக்கு ரெண்டாவது குழந்தை வேணும். குழந்தைக்கு குறை இருக்கான்னு பாக்கற அனாமலி ஸ்கேன் எடுக்கறதே இருபதாவது வாரம் சுமாருக்குத் தான், அதுல குழந்தை பொழைக்காதுன்னு தெரிஞ்சாலும் டெக்ஸாஸ் சட்டத்துல அதுக்குன்னு விலக்கு கிடையாது. டல்லாஸ் பக்கத்து பொண்ணு கேட் காக்ஸ் 2023 டிசம்பர்ல கோர்ட்டுக்குப் போய், கீழ்க்கோர்ட் குடுத்த அனுமதியை டெக்ஸாஸ் சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வச்சதுல, வேற ஸ்டேட்டுக்குப் போக வேண்டியதாச்சு. அந்தப் பொண்ணு இந்த நாட்டு சிட்டிசன். விசா ஸ்டாம்பிங், லீவு, சின்னக் குழந்தை எல்லாம் வச்சுக்கிட்டு நான் எங்க ஓடுவேன்? அவரும் அதை யோசிச்சாரு, ஆஃபரை விட்டுட்டோம். இதை நான் குரூப்ல எழுதுனப்ப பதிலே வரல, ஆனா தனியா மூணு நாலு பொண்ணுங்க மெசேஜ் பண்ணாங்க, ஒருத்திக்கு கரு கலைஞ்சப்ப டி அண்ட் சி (கர்ப்பப்பையை சுத்தம் பண்றது) பண்ண நாள் கணக்கா காக்க வச்சிருக்காங்க.

2024ல மறுபடி ஒரு விஷயம் நடந்துச்சு. மிசௌரில ஜனங்க ட்ரம்பை பெரிய வித்தியாசத்துல ஜெயிக்க வச்சுட்டு, அதே சீட்டுல இருந்த மூணாவது திருத்தத்துக்கு, அதாவது ஸ்டேட் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு, 51.6 சதவீதம் ஓட்டு போட்டு அபார்ஷன் உரிமையையும் திருப்பிக் கொண்டு வந்தாங்க. ஃப்ளோரிடால 57 சதவீதம் வாங்கியும் பத்தல, அங்க 60 வேணும். நாடு முழுக்க வெள்ளக்காரப் பொம்பளைங்க பாதிக்கு மேல ட்ரம்புக்குத் தான் போட்டாங்கன்னு எக்ஸிட் போல் சொல்லுச்சு, அவங்கள்ல நிறைய பேர் இந்த உரிமைக்கும் சேர்த்து போட்டிருக்காங்க. விலைவாசிக்கு ஒரு ஓட்டு, உடம்புக்கு ஒரு ஓட்டு. டெமாக்ரட் கட்சிக்காரங்க இந்த ஒரு விஷயம் நம்மள ஜெயிக்க வைக்கும்னு நம்புனது பலிக்கல, ஆனா ரிபப்ளிகன் தலைவருங்களும் அவங்க சொந்த ஓட்டருங்க பேச்சைக் கேக்கல. மிசௌரி சட்டசபை அந்தத் திருத்தத்தையே ரத்து பண்ண 2026 நவம்பருக்கு இன்னொரு ஓட்டெடுப்பு வச்சிருக்கு.

ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கற எங்க அக்கா ஒருத்தங்க, சொந்த அக்கா இல்ல, இருபது வருஷமா இங்க இருக்கறவங்க, போன வருஷம் சிட்டிசன் ஆனாங்க. பேர் பதிஞ்சாச்சு. அவங்க தெருவுல சிட்டிசன் ஆகியும் பதியாத நம்மாளுங்க யார் யாருன்னு லிஸ்ட் எடுத்து, சனிக்கிழமை சனிக்கிழமை வீடு வீடா போறாங்க. ஃபாரம் நிரப்ப நானும் கூட போறேன்.